ஜமுக்காளம் தந்தவர் முதல் ஸ்பீக்கரைத் திருப்பியவர் வரை: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சனிக்கிழமை நம் ஊர் அரசுப் பள்ளியில் நடந்த ஆனாபானா மூச்சுத் தியான வகுப்புக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி மாரியம்மன் கோயில் விழாக் குழுவுக்கு. ஆடி மாதம், குழாய் ஸ்பீக்கர் நேரே பள்ளியைப் பார்த்தபடி இருந்தது. கேட்கவே தயங்கிப் போனோம். "புள்ளைங்களுக்குத்தானே?" என்று சொல்லிவிட்டு, ஆளை ஏற்றி அதைக் குளத்துப் பக்கம் திருப்பிவிட்டார்கள். உடுக்கைச் சத்தம் கொஞ்சம் வந்தது. பிள்ளைகளுக்கு அது பொருட்டாகவே இல்லை. பெரியவர்களான நாங்கள்தான் நெளிந்தோம்.

சத்துணவு அக்காக்கள் விடுமுறை நாளில் வந்து சமைத்தார்கள். வடை பாயசம் போடலாம் என்றவர்களை அடக்கியதும் அவர்களே: "வயிறு முட்டத் தின்னா எல்லாம் தூங்கிரும்." எலுமிச்சை சாதமும் சுண்டலும் போதுமானதாக இருந்தன. பந்தல் கடைக்காரர் ஜமுக்காளத்துக்கு வாடகை வாங்கவில்லை. தியானத்துக்கு நடுவே பி.டி. சார் விளையாட்டு வைத்திராவிட்டால் 8 வயது வாண்டுகள் மதியம்வரை தாங்கியிருக்காது.

அச்சகத்துக்காரருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நோட்டீஸில் "ஞாபக சக்தி பெருகும், மார்க் கூடும்" என்று தாமாகவே சேர்த்திருந்தார். எடுக்கச் சொன்னதும், முகம் சுளிக்காமல் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தார். மார்க்குக்காக மூச்சைக் கவனிக்கச் சொன்னால் அதையும் டியூஷன் ஆக்கிவிடுவோம்.

"இது மதம் மாத்துற வேலையா?" என்று வெளிப்படையாகக் கேட்ட பெற்றோருக்கும் நன்றி. மந்திரம் இல்லை, உருவம் இல்லை, மூச்சை அடக்குவதும் எண்ணுவதும் இல்லை. தானாக வந்து போகும் மூச்சை, மூக்கு வாசலில் கவனித்திருப்பது மட்டும்தான். வலது துளையில் போகிறதா, இடதிலா, இரண்டிலுமா? மனம் ஓடினால் திட்டாமல் திரும்பி வருவது. இதைப் பரப்பிய எஸ்.என். கோயங்கா மாண்டலேயில் 1924இல் பிறந்த வியாபாரி. அவருக்குக் கற்றுக்கொடுத்த ஊ பா கின், பர்மிய அரசின் தலைமைக் கணக்கு அதிகாரி. சாமியார் இல்லை, ஆபீஸ் போய் வந்தவர் என்றதும் ஓர் அப்பா சிரித்துவிட்டார். பிறகு பின்வரிசையில் அவரே உட்கார்ந்துகொண்டார்.

சென்னை அருகே திருமுடிவாக்கத்திலுள்ள தம்ம சேது தியான மையத்தில் பத்து நாள் முகாம் இருந்துவிட்டு, இங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த தொண்டர்களுக்குப் பணமாக எதுவும் தரவில்லை. அவர்கள் வாங்குவதும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் டீ மட்டும் குடித்தார்கள்.

காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குப் பிறகு 10 நிமிடம் ஒதுக்குவதாகத் தலைமை ஆசிரியை சொல்லியிருக்கிறார். வீட்டிலும் காலை, மாலை பத்துப் பத்து நிமிடம் உட்காரச் சொல்லியிருக்கிறோம். அந்த நேரம் டிவி சத்தத்தை மட்டும் குறைத்துக் கொடுங்கள். பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டாம்.

ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸும் நீலத் தண்ணீர் பாட்டிலும் பள்ளி அலுவலகத்தில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
வகுப்பு ஏற்பாட்டுக் குழுவினர்