அரை நூல்

கடலூர் முதுநகர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனில் அனுப்பிய, ஸ்வீடன் நாட்டு ஓவியர் ஹில்மா ஆஃப் கிளிண்ட் வரைந்த படங்களைக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டமும் சுருளுமாக, அந்த ஆரஞ்சு என்ன ஆரஞ்சு! 'ஆவிங்க சொல்லச் சொல்ல வரைஞ்சாங்களாம்பா, எனக்கு மட்டும் ஒண்ணும் வரல' என்று எழுதியிருந்தாய். மூன்று மாதமாக பிரஷைத் தொடாமல் விடியற்காலையில் கண்ணை மூடி உட்காருகிறாயாம். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

அந்த அம்மாள் 1906 முதல் 1915 வரை 'கோயிலுக்கு' என்று 193 படம் போட்டார், சரி. ஆனால் 1887-லேயே ஸ்டாக்ஹோமில் ஓவியம் படித்து முடித்து, செடி கொடி, ஆள் முகம் என்று வரைந்து பிழைத்தவர். ஆவி வந்ததோ என்னவோ, வந்தபோது கை பழகியிருந்தது.

உனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு அய்யனாருக்குக் கண் திறந்தேனே, நினைவிருக்கிறதா? வெள்ளையடித்து, மீசை, குதிரைச் சேணம் என்று பதினெட்டு நாள் வேலை. அதை யாரும் நின்று வேடிக்கை பார்க்கலாம், டீகூட வாங்கித் தருவார்கள். கடைசி நாள் மட்டும் வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். உள்ளே நானும் சாமியும்தான். அன்று பட்டினி. மூச்சை அடக்கி, ஜீரோ நம்பர் பிரஷால் வலது கண்ணை முடித்தேன். இடது கண்ணில் கை நடுங்கி, கருவிழி அரை நூல் அளவு மேலே ஏறிவிட்டது. திறந்த கண்ணை அழிக்கலாமா? திரையை விலக்கினார்கள். ஒரு பாட்டி, 'என்னையே பாக்குறாருடா' என்று விழுந்து கும்பிட்டாள். எங்கே நின்றாலும் அய்யனார் பார்க்கிறார் என்று அந்த ஊரில் இன்றும் பேச்சு.

அந்த அரை நூலை நான் போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சாமி போட்டது என்று சொல்லவும் கூச்சம். பதினெட்டு நாள் வேலை என்னுடையது, அதில் சந்தேகமே இல்லை.

வடலூர் வள்ளலார் சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரையும் விலகும்போது ஊரே ஜோதியைக் கும்பிடும். நான் கருப்பு, நீலம், பச்சை என்று திரைகளின் நிறத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். அம்மா முறைப்பாள். என்ன செய்வது, தொழில் புத்தி.

தை கழிந்து பண்ருட்டிப் பக்கம் ஒரு அய்யனார் வேலை வந்திருக்கிறது. சாரத்தில் ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை. லீவு போட்டுவிட்டு வா. வெள்ளையடிப்பதிலிருந்து நீதான். திரைக்குள் யார் போவது என்பதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா