அந்த ஸ்பீக்கர் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பழையபடிதான். மூன்று ஞாயிறாக உன் போன் வரவில்லை. வேலை இருக்கும், தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்.

போன வாரம் சின்ன மாமா வந்திருந்தான். அவன் போனில் நீ பாடம் நடத்துகிற வகுப்பின் வீடியோவைக் காட்டினான். ஏழாம் வகுப்பு என்று நினைக்கிறேன். மேஜைமேல் ஸ்பீக்கர், சினிமாப் பாட்டு, பிள்ளைகள் கூடவே பாடிக்கொண்டு நோட்டை எடுக்கிறார்கள். யார் எடுத்தது, உன் ஹெச்.எம்.முக்குத் தெரியுமா, வட்டாரக் கல்வி அலுவலர் வரை போய்விட்டதா என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். தெரியாது என்றேன். தெரியாதுதானே? உன்னிடமும் நான் கேட்கவில்லை. ஏதாவது காகிதம் வந்திருந்தால் பதில் எழுத அப்பா இருக்கிறார், அவ்வளவுதான்.

அப்பா மறுநாளே 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தைத் தேடி எடுத்துவிட்டார். பள்ளிக்கூட நிகழ்ச்சியில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் கேட்கிற மாதிரி பாட்டுப் போட்டால் சட்டத்தில் தப்பில்லையாம். ஆனால் பிள்ளைகள் முகம் தெரிகிற வீடியோ வெளியே சுற்றுவது வேறு சமாச்சாரம் என்கிறார். அதை யோசித்துக்கொள்.

பாட்டே போடாதே என்று நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை வராத பிள்ளைகள்கூட இப்போது மணியடிக்கும் முன்னால் வந்து நிற்கிறார்கள் என்று ஆடியில் நீ வந்தபோது சொன்னாயே, அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பக்கத்து வீட்டில்கூடச் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் பாடம் நடக்கும்போது வார்த்தையுள்ள பாட்டு வேண்டாம். வாசிக்கிற வார்த்தையும் காதில் விழுகிற வார்த்தையும் ஒன்றோடொன்று மோதும். ஆராய்ச்சி செய்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். படம் வரையும்போது போடு, ஒரு பாடம் முடிந்து அடுத்த பாடத்துக்குப் புத்தகம் எடுக்கும்போது போடு. வாசிக்கும்போது வேண்டாம். சாயங்காலமே ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டுப் போடு. அந்த வயதில் ஒரு காதல் வரி வந்தால் பையன்கள் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பெண் அன்று முழுக்க எப்படிக் குனிந்தே உட்கார்ந்திருப்பாள் என்பது உனக்குத் தெரியாததா? சாதிப் பெருமை பேசுகிற பாட்டை ஒரு பிள்ளை கேட்டாலும் போடாதே. எந்தப் பிள்ளை கேட்டாலும்.

நான் டீச்சராக இருந்தபோது எங்கள் பயிற்சி வகுப்பில் மொசார்ட் போட்டால் மூளை வளரும் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். 1993இல் வந்த அந்த ஆய்வு கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது, பலனும் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் நின்றதாம். அதனால் மேனாட்டு இசை போட்டால்தான் படிப்பு என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. பிள்ளைகளுக்குத் தெரிந்த பாட்டுதான் பிள்ளைகளைக் கூப்பிடும்.

நம் பிள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியார் எங்கே கிடைத்தார்? 2012இல் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரைப் போட்டார்கள், வாரத்தில் மூன்று அரைநாள். எங்கள் பள்ளிக்குத் தையல் டீச்சர் வந்தார். நல்ல பெண். ஆனால் நான் ஓய்வு பெறுகிறவரை பாட்டுக்கு யாரும் வரவில்லை. நீ ஒருத்தி சொந்தக் காசில் ஸ்பீக்கர் வாங்கி வைத்திருக்கிறாய். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமா போனிலா நான் அதைப் பார்க்க வேண்டும்?

வீடியோவை முழுதாகப் பார்த்தேன் என்று மாமாவிடம் சொன்னேன். பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு பையன் மேஜையில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தான். நீ அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாய். அந்த இடத்தில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என் வகுப்பில் அதேபோல் தட்டிய பையனை உனக்கு ஞாபகம் இருக்கும். பெயர் எழுதப்போவதில்லை. 1998, பொங்கல் கழிந்த வாரம். நான் பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எதிர் டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவன் அந்தப் பாட்டுக்குச் சரியாகத் தட்டினான். ஒரு தட்டுகூடப் பிசகவில்லை, அது எனக்கு அப்போதே தெரிந்தது. மர ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்தேன். அடித்ததோடு விடவில்லை. "இதெல்லாம் உங்க தெருவோட வச்சுக்க" என்றேன். அவன் அப்பா பறை அடிக்கிறவர் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மூன்று பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டான். நீ மூன்றாவது பெஞ்சில் இருந்தாய்.

அந்த வாரத்துக்குப் பிறகு அவன் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கூப்பிடவுமில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு, படிப்பில் நாட்டமில்லாத பையன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன். அன்று ராத்திரி வயிறு வலிக்கிறது என்று நீ சாப்பிடவில்லை. ஓமத் தண்ணீர் கொடுத்தேன். வயிற்றுவலி இல்லை என்று தெரிந்துதான் கொடுத்தேன். அதற்கப்புறம் நீ வீட்டில் பாடி நான் கேட்டதில்லை.

2022இலிருந்து கலைத் திருவிழா நடத்துகிறார்கள். மேடையில் பிள்ளைகள் பறை அடிக்கிற படம் பேப்பரில் வந்தால் நான் அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் திருப்பிவிடுவேன். அப்பாவுக்குக் காரணம் தெரியாது.

இரண்டு வருஷம் முன்னால் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். அவன்தான் வந்து பேசினான். "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றான். கூட இருந்த மகளிடம் "எங்க டீச்சர்" என்று காட்டினான். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். ஏழாவது என்றாள். என் வாயில் ஒரு மன்னிப்பு வரவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து இருந்தது.

மாமா வியாழக்கிழமை சேலம் வரை வருகிறான். நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்துவிடுகிறேன். புது பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள். அந்தக் கடைசி பெஞ்சுப் பையனை முன்னால் உட்கார வை. வாசிக்கும்போது மட்டும் வார்த்தையுள்ள பாட்டு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நான் எதுவும் கேட்க மாட்டேன்.

அம்மா