பின்கோடு பார்ப்பதுபோலப் பாருங்கள், அப்பா

வின்னிபெக்
30.11.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். எப்போதும் கை தானாக எழுதிவிடும் வரி இது. இன்றைக்கு எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிட்வா புயல் செய்தி வந்ததிலிருந்து உங்கள் போன் கிடைக்கவில்லை. குட்டியின் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. கரண்ட் போயிருக்கும், சார்ஜ் இறங்கியிருக்கும். வேறொன்றும் இருக்காது.

உங்கள் கடிதம் போன செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் எழுதியது! இங்கே தபால்காரர்கள் செப்டம்பர் கடைசியில் வேலைநிறுத்தம் தொடங்கி, அப்புறம் ஊர் மாற்றி ஊர் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அதில் எந்த மூட்டையில் கிடந்ததோ. தபால் ஆபீஸில் வேலை பார்த்த நீங்கள் தபால்காரர்கள் பக்கம்தான் பேசுவீர்கள் என்று தெரியும், அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பழியை அவர்கள் மேல் மட்டும் போட்டால் பொய்யாகிவிடும். ஆடி மாதத்துக்குப் பிறகு நானும் எழுதவில்லை. வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். பேசியதைப் பீரோவில் எடுத்து வைக்க முடியாது என்று நீங்கள் சொல்வது ஞாபகம் இருந்தும்தான்.

மூன்று விஷயம் கேட்டிருந்தீர்கள்: குட்டிக்கு லேப்டாப், பொங்கலுக்கு வருவது, அம்மாவின் சங்கிலி. லேப்டாப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

‘அங்கே தள்ளுபடி நடக்கிறதாமே, நீயே வாங்கி எடுத்து வந்துவிடு’ என்று எழுதியிருந்தீர்கள். தள்ளுபடி உண்மைதான், முந்தாநாள்கூட நடந்தது. கடை வரை போய்ப் பார்த்தேன். குட்டிக்கு ஏற்ற மாதிரி ஒன்று 500 டாலர். ஆனால் இங்கே ஒட்டியிருக்கும் விலையில் வரி சேராது. பில் போடும்போது 12 சதவீதம் ஏறும், 560 ஆகிவிடும். டாலருக்கு 64 ரூபாய் என்று போட்டாலும் 35,800 ரூபாய்க்கு மேல் வருகிறது. அதே தரத்தில் தஞ்சாவூரிலேயே 35,000, 40,000க்குக் கிடைக்கிறதே! இன்னொரு வேடிக்கை, இங்கே பல லேப்டாப்புகளில் கீபோர்டு ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்தது. என்டர் பட்டன் வேறு வடிவம், சாய்கோடு வேறு இடம், தலையில் கொம்பு முளைத்த எழுத்துகள். குட்டி அதில் பழகிவிட்டுக் கல்லூரி லேபில் போய்த் தட்டினால் திணறுவாள். வாரண்டியும் பெரும்பாலும் இந்த நாட்டோடு சரி. ஊரிலேயே வாங்குங்கள்.

மேலத்தெருத் தம்பி 18,000க்கு செகண்ட் ஹேண்ட் ஐ7 வாங்கித் தருகிறேன் என்கிறானே, அது வேண்டாம். அவன் மேல் குறை இல்லை. ஐ3, ஐ7 என்பதெல்லாம் லேப்டாப்பின் மூளையான இன்டெல் பிராசஸரின் பெயர்கள். ஐ7 என்றால் ஐ3-ஐவிட உசத்தி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நீங்கள் பின்கோடைப் பார்த்த உடனே எந்த ஊர்ப் பை என்று சொல்வீர்களே, அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும். ஐ7 என்பதற்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அவன் அனுப்பிய படத்தில் 4600 என்று இருக்கிறது. முதல் 4 நான்காம் தலைமுறையைக் குறிக்கிறது, பத்துப் பன்னிரண்டு வருஷம் பழசு. இன்றைய ஐ3-இல் 1215 என்று இருந்தால் முதல் இரண்டு எண்ணைச் சேர்த்துப் படிக்க வேண்டும், பன்னிரண்டாம் தலைமுறை. இந்த ஐ3 அந்த ஐ7-ஐத் தாண்டிப் போய்விடும். அதோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை இந்த அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்து முறைப்படி ஏறாது. இப்போது பழைய லேப்டாப்பெல்லாம் மலிவாக வெளியே வருகிறது என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரைசன் என்று ஏ.எம்.டி. கம்பெனியின் பிராசஸர், இன்னொரு ஜாதி உண்டு, அதுவும் நல்லதுதான். ஆனால் அதில் பின்கோடு வேறு மாதிரி. 7520 என்றால் முதல் 7 என்பது 2023-ஆம் வருஷத்து வரிசை என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே இருக்கும் சரக்கு எப்போதையது என்று மூன்றாவது எண்தான் சொல்லும். அங்கே 2 இருந்தால் 2019-இல் வந்த வடிவமைப்பு. 7530 என்றால் 3, அதற்கு அடுத்த வடிவமைப்பு. ஒரே ஒரு எண்தான் வித்தியாசம், கடைக்காரர் இரண்டையும் ஒரே குரலில் ‘ரைசன் 5 சார்’ என்பார். 7520-உம் குட்டியின் வேலைக்குப் போதும், ஆனால் புதுசுக்கான விலை கொடுக்காதீர்கள்.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஏமாந்துதான். இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. வந்த முதல் மாதம், வகுப்பு தொடங்கிவிட்டது என்ற அவசரத்தில், 249 டாலருக்கு ஒன்று வாங்கினேன். பார்க்க மெல்லிசாக, வெள்ளை நிறத்தில், அவ்வளவு அழகு. வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகமான ரேம் 4 ஜிபி, சேமிக்கும் இடம் 64 ஜிபி. அந்த 64-இல் விண்டோஸே பாதியைப் பிடித்துக்கொண்டது. அப்டேட் வந்தால் இறங்க இடமில்லை என்று சொல்லும். எதை அழித்தாலும் போதாது. வகுப்பில் வாத்தியார் வாய் திறந்தபடி உறைந்து நிற்பார், அவர் குரல் மட்டும் இரண்டு நிமிஷம் கழித்து வரும். திருப்பிக் கொடுக்கலாம் என்று புரிவதற்குள் கெடு முடிந்திருந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு மாடியில் இருக்கும் உக்ரைன் தாத்தாவிடம் போனேன். போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், குளிர்காலம் வந்தால் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு சூப் பானையை பால்கனியில் வைப்பவர், அவரேதான். அவர் வீட்டில் உட்கார நாற்காலி இரண்டு, செத்த லேப்டாப் நாற்பதாவது இருக்கும். என்னுடையதைத் திருப்பிப் போட்டு, ஸ்குரூவைக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ரேம், சேமிக்கும் சில்லு எல்லாம் போர்டோடு பற்றவைத்திருந்தது. ஒன்றையும் மாற்ற முடியாது. அப்புறம் கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒரு பழைய திங்க்பேட் லேப்டாப்பை எடுத்தார், ஏதோ அலுவலகத்தில் கழித்துக்கட்டியது, எட்டாம் தலைமுறை. 16 ஜிபி ரேம் போட்டு, சேமிக்க வேகமான புது எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தார். பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பதிலுக்கு நான் குளிர்காலம் முழுக்க வாசல் பனியை வாரிப் போட வேண்டும் என்று பேச்சு. இது மூன்றாவது குளிர்காலம், இன்னும் வாரிக்கொண்டிருக்கிறேன். உடம்புக்கு நல்லதுதான்.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரோகி என்று ஒன்று செய்து ஒரு தட்டு கீழே கொண்டுவருவார். நம் கொழுக்கட்டையேதான், மாவு மைதா, உள்ளே பூரணத்துக்குப் பதில் உருளைக்கிழங்கு. வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி மேலே போடுவார். நான் மேலே மிளகாய்ப்பொடி தூவிக்கொள்வதைப் பார்த்து மார்பில் சிலுவை போட்டுக்கொள்வார். அம்மா கொடுத்துவிட்ட பொடி இன்னும் கால் டப்பா இருக்கிறது.

சரி, குட்டிக்கு வருகிறேன். பி.காம். என்பதால் அவளுக்குக் கணக்கு எழுதும் மென்பொருளான டாலி வேண்டும், டாலி விண்டோஸில்தான் ஓடும். குரோம்புக் என்று மலிவாக ஏதாவது காட்டினால், அதில் விண்டோஸ் இருக்காது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழகுவதற்கு டாலிக்குக் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. எஜுகேஷனல் மோடில் இலவசமாக ஓடும், மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் கணக்கு எழுத விடும். படிக்கிற பிள்ளைக்கு அது போதும்.

ரேம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. 8-தான் என்றால், பிறகு கூட்டிக்கொள்ள உள்ளே காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். பற்றவைத்த 8 என்றால் யோசியுங்கள். சேமிக்க 512 ஜிபி எஸ்.எஸ்.டி., இ.எம்.எம்.சி. என்ற மெதுவான சேமிப்புச் சில்லின் பெயர் காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள். திரையில் புள்ளிகள் 1920க்கு 1080 இருக்க வேண்டும். 1366 என்று இன்னும் விற்கிறார்கள், எக்செல் திறந்தால் நாலு பத்திதான் தெரிகிற மாதிரி இருக்கும். பக்கவாட்டில் நின்று பாருங்கள், நிறம் வெளுத்துப்போனால் அது மட்டமான திரை. குட்டி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகப்போகிறாள், அதனால் ஒன்றரைக் கிலோவை ரொம்பத் தாண்ட வேண்டாம். சிவப்பு விளக்கு எரியும் கேமிங் லேப்டாப்பை மேலத்தெருத் தம்பி காட்டுவான், பார்த்து ரசித்துவிட்டு வாருங்கள்.

அட்டைப்பெட்டியில் அச்சடித்ததை மட்டும் நம்ப வேண்டாம். கடையிலேயே ஆன் செய்யச் சொல்லி, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்தில் ரேம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட், டிஸ்க் எஸ்.எஸ்.டி.தானா எல்லாம் தெரியும். குட்டிக்கு இது தெரிந்திருக்கும், ஆனால் கடையில் கூச்சப்படுவாள். நீங்கள் கேளுங்கள், உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று கேட்டு, சீரியல் நம்பர் போட்ட ஜி.எஸ்.டி. பில்லை வாங்கிவிடுங்கள்.

விலை இறங்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஏ.ஐ. கம்பெனிகள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை எல்லா இடத்திலும் ஏறிக்கொண்டிருக்கிறது. கல்லூரியில் அரசு லேப்டாப் கொடுத்தால் கொடுக்கட்டும், வந்தால் உங்களுக்காயிற்று. தமிழ்99 தட்டச்சு முறை விண்டோஸிலேயே இருக்கிறது, நீங்கள் ஆறுமாதத்தில் என்னை மிஞ்சிவிடுவீர்கள்.

இதை எழுதும்போதுதான் உங்கள் கடிதத்தை மறுபடியும் எடுத்தேன். ‘உன் பிளஸ் டூ லேப்டாப்பையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஏர்க்கொழு பக்கத்தில் வைத்தோம்’ என்று ஒரு வரி. 2014-இல் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. 2 ஜிபி ரேம். ஆன் ஆகாமல் ஐந்து வருஷம் இருக்கும். அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்? அம்மா அதற்குத் தைத்த பூப்போட்ட உறை இருக்கிறதா? அந்த வரிக்கு மேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன், நைட் ஷிஃப்ட். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது இமையில் ஈரம் பட்டால் உடனே உறைந்துவிடும் அப்பா, இங்கே அது ஒரு தொல்லை.

இந்த ஊரில் மழைச் சத்தமே கிடையாது இப்போது. பனி சத்தம் போடாமல் விழுகிறது. நேற்றிரவு வேதாரண்யத்து மழையை யாரோ எடுத்த வீடியோவில் பார்த்தேன். தகரக் கொட்டகை மேல் விழுகிற சத்தத்துக்காகத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

பொங்கலுக்கு வர முடியாது. ஜனவரியில் டிக்கெட் விலை கேட்கவே முடியவில்லை, லீவும் கிடைக்காது. வாரத்துக்கு நான்கு நாள்தான் கூப்பிடுகிறார்கள், அந்த நாலையும் விட்டால் நன்றாக இருக்காது. அக்கா வளைகாப்புக்கு இல்லையே என்று அத்தான் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்குத் தனியாகப் பேசுகிறேன்.

25,000 இந்த வாரம் அனுப்பிவிடுகிறேன். மீதியைப் பென்ஷனிலிருந்து போட்டு லேப்டாப் எடுத்துவிடுங்கள், மாசியில் தந்துவிடுகிறேன். சங்கிலியைத் தையில் மீட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தேன். இந்த முறை வட்டி மட்டும் கட்டி மாற்றி வைத்தால் சௌகரியம், சித்திரையில் கட்டாயம் மீட்டுவிடலாம். லேப்டாப் செலவு குறுக்கே வந்ததால்தான். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். வளைகாப்புக்குப் பெரியம்மாவின் இரட்டைவடத்தைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும்.

கூடத்துப் பிளக்கில் எர்த் கிடையாது, மிக்சியைத் தொட்டால் அம்மாவுக்குச் சுரீர் என்று இருக்குமே. லேப்டாப் வருவதற்குள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் கம்பி இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் மேல் கை வைக்கும்போதும் ஜிவ்வென்று இழுக்கும்.

கீழ வயலில் தண்ணீர் நிற்கிறதா? வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கும், சித்தப்பாவோடு சேர்ந்து ஆள் விட்டு வெட்டி விடுங்கள். நீங்கள் இறங்க வேண்டாம். பயிர் மூழ்கியிருந்தால் தண்ணீர் வடிவதற்கு முன்பே குட்டியைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். காப்பீட்டு ரசீது, வி.ஏ.ஓ. கொடுத்த அடங்கல், பாஸ்புக் நகல் மூன்றும் பீரோவில் பச்சை ஃபைலில் இருக்கின்றன.

இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் கார்த்திகை தாண்டிவிடும். குட்டிக்கு மட்டும் லேப்டாப் பக்கங்களைப் படம் எடுத்து இன்றே அனுப்புகிறேன், போன் உயிர் பெற்றதும் பார்த்துக்கொள்வாள். உறையின் பின்னால் புது முகவரி எழுதியிருக்கிறேன், ஜனவரியிலிருந்து அங்கேதான். இன்னும் மூன்று பையன்களோடு சேர்ந்து இருக்கப் போகிறேன், துணையாக இருக்கும். பனி வாருவதற்குத் தாத்தா வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அவ்வளவுதான். இந்த ஊர்ப் பின்கோடில் எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும். ஆர் என்று தொடங்கினால் மானிடோபா. மூன்றாவதாக இருப்பது எழுத்து, எண் இல்லை. போன தடவை நீங்கள் அதை ஒன்று என்று எழுதிவிட்டீர்கள்.

போன் வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், எந்த நேரமானாலும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்