செயலாளர் ஆண்டறிக்கை: தாப்பா ரோட்டிலிருந்து பிரிந்துபோன ரயில்

தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், ஆண்டுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயலவைக் கூட்டங்களின் குறிப்புகள் உங்கள் கையில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டு முழுவதும் நம்மை வேலை வாங்கிய விஷயம் ஒன்றுதான். நேராக அதற்கு வருகிறேன். பேராக் மாநிலத்தில் நம் ஊரான இந்தத் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் இந்தானுக்கு ஓடிய ரயில்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, “நம்ம ஸ்டேஷனிலிருந்து இன்னொரு பாதை பிரிந்து போனதாமே, உண்மையா?” என்று கேட்டார். பெரியவர்கள் பக்கமிருந்து ஒரே நேரத்தில் நாலைந்து பதில்கள் வந்தன. அன்றே முடிவெடுத்தோம், இதை எழுதி வைக்காமல் விடக்கூடாது என்று.

நம் மலேசிய நாட்டின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, 1885-இல் போட்டது. மறு ஆண்டு கிள்ளான் பாதை, 1891-இல் சிரம்பான்–போர்ட்டிக்சன். அதற்கடுத்து 1893-இல் திறந்தது நம்முடையது. எல்லாமே ஈயத்தை, அதாவது வெள்ளீயத்தை, கப்பலில் ஏற்றுவதற்காகப் போட்டவை. 1895-இல் இங்கிருந்து கம்பார், பத்து காஜா வழியாக ஈப்போ வரை தண்டவாளம் நீண்டதும், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் நம் ஊர் வழியே தெலுக் ஆன்சன் துறைமுகத்துக்கு இறங்கியது. 1982-இல்தான் அந்த ஊர் தெலுக் இந்தான் ஆனது. 1903-இல் பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரிலிருந்து சிரம்பான் வரை பாதை ஒன்றாக இணைந்தது. ஈயம் பினாங்குப் பக்கமே நேராகப் போக வழி கிடைத்தது, நம் பாதை கிளைப்பாதை ஆகிவிட்டது. முதலில் வந்தது இதுதான், தெற்கே கோலாலம்பூருக்குப் போகும் பெரிய பாதை பிறகுதான் வந்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

பெரியவர்களைத் தேடிப்போய்ப் பேசியதில் எங்களை அசைத்தது ஈயக் கதை அல்ல. தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்கில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர், தினமும் விடியற்காலையில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தோடு நடந்ததைச் சொன்னார். தளர்ந்த ஆணியை அடித்து இறுக்க வேண்டும், தண்டவாளத்துக்கு அடியில் உளுத்துப்போன சிலிப்பர் கட்டையைக் குறித்துக்கொள்ள வேண்டும், மழை பெய்தால் கல் சரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். “எங்கப்பா நடந்த பாதையிலதான் நானும் நடந்தேன்” என்றார். பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவருக்கு நினைவில் நின்றது சித்ரா பௌர்ணமி. தெலுக் இந்தான் முருகனைப் பார்க்க தோட்டத்து வீட்டு வரிசையான லயமே கிளம்புமாம், கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு. பெட்டியில் நிற்க இடமிருக்காது, ஆனாலும் யாரும் வீட்டில் தங்கமாட்டார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொருவர் பேச்சு இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்துக்குப் போனது. தம்பின்–மலாக்கா பாதையைப் பெயர்த்து, அவன் போட்ட சயாம்–பர்மா ரயிலுக்குக் கொண்டுபோன காலம் அது. தண்டவாளத்தோடு தோட்டத்து ஆட்களையும் கொண்டுபோனார்கள். அவருடைய பெரியப்பா போனவர்தான், திரும்பவில்லை. அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பஸ்ஸும் லாரியும் பெருகின, ரயிலில் ஆள் குறைந்தது, 1989-இல் பாதையை மூடினார்கள். பிறகு தண்டவாளமும் போய்விட்டது. நம் நிலையமும் இரட்டைப்பாதைத் திட்டத்தில் புதிதாகிவிட்டது, இன்று மின்ரயில் நிற்கிறது. நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே ஒரு பாதை பிரிந்தது என்று சொல்ல அங்கே ஓர் எழுத்தும் இல்லை.

அதனால்தான் உறுப்பினர்கள் சிலரோடு கோலா செப்பெத்தாங் போய் வந்தோம். பழைய போர்ட் வெல்ட் அதுதான். ரயில் நின்று எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையை வைத்திருக்கிறார்கள். அதில் தமிழும் இருக்கிறது. அந்தத் தமிழ் எழுத்தின் முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். அப்புறம் திரும்பும் வழியெல்லாம் பேச்சு ஒன்றேதான்: நம் ஊரிலும் ஒரு பலகை.

இதற்காக ஓர் அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினோம். பதில் இல்லை. நேரில் போனபோது கடிதமே கிடைக்கவில்லை என்றார்கள். சரி, மூன்றாவது கடிதத்தைக் கையில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வந்திருக்கிறோம். புதிய செயலவை இதை விடாமல் தொடர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் பேசிப் பதிவு செய்த பெரியவர்களில் ஒருவர் இந்த ஆண்டிலேயே காலமாகிவிட்டார். உங்கள் வீட்டில் கேங்கிலோ, ரயில்வே கேட்டிலோ, நிலையத்திலோ வேலை செய்தவர் இருந்தால் இன்றே என்னிடம் சொல்லுங்கள், நாங்களே வீட்டுக்கு வருகிறோம். பழைய டிக்கெட், படம், சம்பளச் சீட்டு எதுவாக இருந்தாலும் நகல் எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செயலாளர்