மோதல் கூடியதால் மட்டுமா வேகம் கூடியது? மேல்நிலை வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளில் வேதியியல் நடத்துகிறவர்களுக்கும், வினாத்தாள் அமைக்கிறவர்களுக்கும் வணக்கம்.

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு வினைவேகவியல் நடத்துகிறேன். வெப்பநிலையைக் கூட்டினால் வினை ஏன் விரைவாக நடக்கிறது என்று கேட்டால், நல்ல மதிப்பெண்ணோடு வந்த பிள்ளைகள் தயங்காமல் சொல்கிறார்கள்: "மூலக்கூறுகள் வேகமாக ஓடும், மோதல்கள் அதிகமாகும், அதனால்தான்." இந்த விடைக்கு இனி முழு மதிப்பெண் போடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மோதல்கள் அதிகமாவது உண்மைதான். ஆனால் எவ்வளவு? வாயு மூலக்கூறுகளின் சராசரி வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பருமன் மாறாத கலத்தில் 298 கெல்வினை 308 ஆக்கினால் மோதல்கள் 2 சதவீதம்கூடக் கூடுவதில்லை. அதே 10 டிகிரியில் பல வினைகளின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறதே, மீதி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை மாணவர்கள் பள்ளியிலேயே சந்திக்க வேண்டும்.

மோதல்களுக்கு எப்போதுமே பஞ்சம் இல்லை. நாம் இருக்கும் அறையின் காற்றில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்குச் சுமார் 700 கோடி முறை மற்ற மூலக்கூறுகளோடு மோதுகிறது. ஒவ்வொரு மோதலும் வினையில் முடிந்தால் வாயு வினைகள் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த குடுவையோ, ஒரு பொறி படாதவரை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

விடை கிளர்வு ஆற்றலில், அதாவது வினை நடக்க மோதலில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றலில் இருக்கிறது. அது மோலுக்கு 50 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். 298 கெல்வினில் ஆயிரம் கோடி மோதல்களில் ஏறத்தாழ 17-க்கு மட்டுமே அந்த ஆற்றல் இருக்கும். 308 கெல்வினில் அது 33. மொத்த மோதல்கள் கிட்டத்தட்ட அதே அளவுதான். தடையைத் தாண்டக்கூடியவை இரட்டிப்பாகிவிட்டன. கால்குலேட்டர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இதைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும், அப்புறம் மறக்கமாட்டார்கள்.

வெப்பநிலையோடு வினைவேகம் எப்படி மாறும் என்று சொல்ல 1889-இல் அர்ஹீனியஸ் தந்த சமன்பாட்டை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதன் முன்காரணிக்கு (சமன்பாட்டின் முன்னால் பெருக்கலாக வரும் எண்) மோதல்களைக் கொண்டு பொருள் சொன்னவர்கள் ஜெர்மனியின் மாக்ஸ் டிராட்ஸ் (1916), இங்கிலாந்தின் வில்லியம் லூயிஸ் (1918). நடுவே உலகப்போர், ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ஹைட்ரஜன் அயோடைடு சிதையும் வேகத்தை லூயிஸ் கணக்கிட்டார். விடை சோதனை அளவை மிக நெருங்கி வந்தது. இந்தக் கதையைச் சொல்ல வகுப்பில் இரண்டு நிமிடம் ஒதுக்கலாம்.

ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது, மூலக்கூறுகள் சரியான பக்கமாகவும் சந்திக்க வேண்டும். எத்திலீனும் ஹைட்ரஜனும் சேரும் வினையில், போதிய ஆற்றலுள்ள மோதல்களிலும் பத்து லட்சத்தில் ஓரிரண்டுதான் பலிக்கின்றன. பொட்டாசியம் அணுவும் புரோமின் மூலக்கூறும் வினைபுரியும்போது நிலைமை தலைகீழ்: எளிய மோதல் கணக்கு சொல்வதைவிடப் பல மடங்கு வேகம். பொட்டாசியம் தொலைவிலிருந்தே தன் எலக்ட்ரானைப் புரோமினுக்குக் கொடுத்துவிடுகிறது. எதிரெதிர் மின்சுமை பெற்ற இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. மூலக்கூறுகளை வெறும் கோலிக்குண்டுகளாக எண்ணும் கொள்கையின் எல்லை இங்கே தெரிகிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. தேர்வுக்கு வராது என்று விட்டுவிடாதீர்கள்.

வினாத்தாள் அமைப்பவர்களிடம் தனியாக ஒரு கோரிக்கை. "மோதல் கொள்கையை விளக்குக" என்ற கேள்விக்குப் பதிலாக ஒருமுறை இப்படிக் கேளுங்கள்: "ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. திறந்த பாத்திரத்தில் அங்கே பருப்பு வேகச் சென்னையைவிட நெடுநேரம் ஆகிறது. 100-க்கும் 93-க்கும் இடையே மூலக்கூறுகளின் சராசரி வேகம் எத்தனை சதவீதம் குறைகிறது? அது மட்டும் இந்தத் தாமதத்தை விளக்குமா?" குறைவது 1 சதவீதத்துக்கும் கீழே. அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிட்டு, "இது போதாது, கிளர்வு ஆற்றலைத் தாண்டும் பங்கைப் பார்க்க வேண்டும்" என்று எழுதுகிற மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களை அடுத்த ஆண்டு வகுப்பில் சந்திக்கும் கல்லூரி ஆசிரியர்