இரண்டு சாக்கு மரக்கட்டைகளுக்கு ஒரு நன்றி

டிசம்பர் 17, 18 வெள்ளம் பற்றி இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் புகுந்த எங்கள் குழந்தைகள் காப்பகத்தின் கதவு மறுபடி திறந்துவிட்டது. ஒரு வயது முதல் மூன்று வயது வரையுள்ள பதினான்கு பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

சேற்றை வாரிக் கொட்டிய கல்லூரித் தம்பிகள், பிளீச்சிங் பவுடரும் துடைப்பமும் கொண்டுவந்த தெருக்காரர்கள், பாலுக்குக் காசு வாங்காத டீக்கடைக்காரர், ஈரச் சுவரில் ஒவ்வொரு வயராகச் சோதித்துத் தந்த எலக்ட்ரீஷியன், நர்ஸ் அக்கா, பாயும் போர்வையும் அனுப்பிய முகந்தெரியாதவர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. தனித்தனியாக எழுதத்தான் உட்கார்ந்தோம். பேனா ஒரே இடத்துக்குத்தான் போகிறது.

மரப்பட்டறை அண்ணன் இரண்டு அரிசிச் சாக்கை வாசலில் இறக்கினார். "பிள்ளைக வெளையாடட்டும்" என்றார், போய்விட்டார். கதவுச் சட்டம் அறுத்து மிஞ்சிய தேக்கு. பார்த்தவுடன் அடுப்புக்குப் போகவேண்டிய துண்டுகள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஸ்கேலை வைத்துப் பார்த்தபோதுதான் அவர் செய்திருக்கும் வேலை தெரிந்தது.

மொத்தம் 120 கட்டை. அதில் 60 முழுக்கட்டை, 14 செ.மீ நீளம், 7 செ.மீ அகலம், 3.5 செ.மீ கனம். சரிபாதி நீளத்தில் அரைக்கட்டை 30, இருமடங்கு நீளத்தில் நீளக்கட்டை 20, குறுக்கே சாய்வாக அறுத்த சரிவுக்கட்டை 10. முழுக்கட்டையின் நீளம், அகலம், கனம் மூன்றும் நாலுக்கு இரண்டுக்கு ஒன்று. 1914இல் நியூயார்க்கில் சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய காரொலின் பிராட் வகுத்த கணக்கும் இதுதான். அந்த அம்மாவும் தச்சுவேலை கற்றவர். அண்ணன் அவரைக் கேள்விப்பட்டிருப்பாரா தெரியாது. மரத்தில் கை பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு தானாக வந்துவிடும் போலிருக்கிறது.

அளவில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறோம். ஒரு கட்டைக்கு 2 மி.மீ பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. நான்கு கட்டை உயரத்துக்கு இரண்டு தூண் எழுப்பிப் பாருங்கள், 8 மி.மீ ஏற்றத்தாழ்வு வந்துவிடும். மேலே வைக்கும் நீளக்கட்டை வழுக்கி விழும். பெரியவர்கள் கட்டையைக் குறை சொல்வோம். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. தன் கைதான் தப்பு என்று எழுந்து போய்விடும். இரண்டு அரைக்கட்டை சேர்ந்தால் ஒரு முழுக்கட்டை என்பது எண் தெரியாத வயதிலேயே கைக்குப் புரிவதும் அளவு சரியாக இருந்தால்தான்.

அடுத்தது விளிம்பு. உப்புத்தாள் போட்டு மழுக்கியிருக்கிறார், ஆனால் 2, 3 மி.மீக்கு மேல் இல்லை. பாசத்தில் உருட்டி உருட்டித் தேய்த்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கட்டைக்குக் கட்டை ஒட்டும் பரப்பு குறைந்து கோபுரம் நிற்காது. எட்டு மூலைகளில் மட்டும் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் நெற்றியில் படுவது மூலைதான். சரிவுக்கட்டையின் மெலிந்த நுனியை அரை செ.மீ வெட்டி எடுத்திருக்கிறார். விட்டிருந்தால் பத்து நாளில் அது பெயர்ந்து சிராயாகி யாராவது ஒரு பிள்ளையின் விரலில் ஏறியிருக்கும். வார்னிஷ் இல்லை, பெயின்ட் இல்லை. எல்லாம் வாய்க்குத்தான் போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வாய்க்குப் போனாலும் தொண்டைக்குப் போகக்கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைக்கு வைக்கும் சோதனைக் குழாயின் விட்டம் 31.7 மி.மீ; அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் ஆகாது. இந்தக் கட்டைகளில் மிகச் சிறியதுகூட 7 செ.மீ சதுரம்.

பெரிய கட்டை என்றால் பாதுகாப்பு மட்டுமல்ல. ஒரு முழுக்கட்டை ஏறக்குறைய 200 கிராம், நீளக்கட்டை அதில் இருமடங்கு. அதைத் தூக்கக் குந்தி எழவேண்டும், இரண்டு கையும் சேரவேண்டும், முதுகும் வயிறும் இறுகவேண்டும். இப்போதுதான் நடை பழகிய பிள்ளை நாள் முழுக்க ஒன்றும் கட்டாமல் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குச் சுமந்துகொண்டே இருக்கும். "கட்டவே மாட்டேங்கிறானே" என்று கவலைப்படும் பெற்றோரே, அந்த வயதுக்கு அந்தச் சுமைதான் வேலை. பிடிப்பதைவிட விடுவது கடினம். கட்டைமேல் கட்டையை வைத்து விரலை மெல்ல விரிப்பதற்குள் கோபுரம் சரிந்துவிடும். பொதுவாக 15 மாதத்தில் இரண்டு அடுக்கு, ஒன்றரை வயதில் நான்கு, இரண்டு வயதில் ஆறு. இது சிறு கனசதுரக் கட்டைக்கான கணக்கு, கனமான கட்டையில் கொஞ்சம் பிந்தலாம். பாலம் மூன்று வயதை ஒட்டித்தான் வரும். தட்டிவிடுவதும் பாடம்தான், முழங்கால் உயரத்தில் தட்டட்டும், பிள்ளையின் தோளுக்கு மேல் போனால் நாம் குறுக்கிடலாம்.

பேச்சும் இங்கேதான் ஊறும். மேல, கீழ, உள்ள, பக்கத்துல, இன்னொண்ணு. கட்டை கொடுத்த வீடுகளில் பிள்ளைகளின் சொல்வளம் கூடியதாக 2007இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. அதற்குப் பணம் தந்தது கட்டை விற்கும் கம்பெனி என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். எப்படியானாலும் கட்டை தானாகப் பேசாது. பக்கத்தில் தரையில் உட்காருங்கள். "இது என்ன வீடா?" என்று கேட்காதீர்கள். "நீளமானத மேல வச்சுட்ட" என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். கட்டிக் காட்டாதீர்கள். நீங்கள் கட்டிய அரண்மனைக்கு முன்னால் அதன் மூன்று கட்டை ஒன்றுமில்லாமல் போய்விடும்.

ரப்பர் பாய் அனுப்பியவர்கள் வருத்தப்படக்கூடாது. தூங்க அதுதான், கட்டைக்கு மட்டும் சுருட்டி வைத்துவிடுகிறோம். மெத்தென்ற தரையில் மூன்றாவது கட்டையே ஆடும், சிமெண்ட் தரைதான் தோது. கட்டையைக் கூடையில் கொட்டி வைப்பதில்லை. முட்டி உயரத் தட்டில், நீளப்பக்கம் வெளியே தெரிய அடுக்கினால் எது எங்கே என்று பிள்ளையே எடுக்கும், பிள்ளையே வைக்கும். ஒரே நேரத்தில் நான்கு பேர் போதும். வடிவம் குறைவாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் இருந்தால் பாதிச் சண்டை எழாது. துடைக்க ஈரத்துணி, காய நிழல். தண்ணீரில் ஊறவைத்தாலும் உச்சிவெயிலில் போட்டாலும் மரம் முறுக்கிக்கொள்ளும். முன்பு இருந்த ஸ்பாஞ்சுக் கட்டைகளைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. உள்ளே உறிஞ்சிய சேற்றுத்தண்ணீரை எதைப் போட்டும் எடுக்க முடியாது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இப்போது கட்டுவதெல்லாம் சுவர்தான். சுற்றிலும் அடுக்கி, நடுவே பொம்மையை உட்காரவைத்து, "தண்ணி வருது" என்று தாங்களே தள்ளிவிடுகிறார்கள். மறுபடி அடுக்குகிறார்கள். தடுப்பதில்லை.

இந்த அளவுகளை அட்டையில் வெட்டி வைத்திருக்கிறோம். இனி எந்த ஊரில் எந்தக் காப்பகத்துக்குள் தண்ணீர் புகுந்தாலும், பாயோடும் பாலோடும் இந்தக் கணக்கில் 120 கட்டை எங்களிடமிருந்து போகும். அறுக்க உங்களிடம்தான் வருவோம் அண்ணே, கூலி வாங்கிக்கொள்ள வேண்டும்.

சரிவுக்கட்டை பத்தும் போதவில்லை. சாக்கு இரண்டையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். எடுக்க வரும்போது டீ குடித்துவிட்டுத்தான் போகவேண்டும்.