பெட்டிகளை அப்புறம் பார்க்கலாம், முதலில் மாமியிடம் கேள்

அன்புள்ள தங்கைக்கு,

நிலத்தை விற்பதென்று முடிவாகிவிட்டது, பனி விழுவதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாய். விற்பதில் தவறொன்றும் இல்லை. பிள்ளைகள் யாரும் பயிர் செய்யத் திரும்பி வரப் போவதில்லை, மாமிக்கும் 88 வயதாகிறது. ஆனால் கடைசியில், "பழைய பெட்டிகளை என்ன செய்வதென்றே தெரியவில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்து விவசாயக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்ட நம் பெண்கள் இன்னும் சிலரை எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

பெட்டிகளுக்கு அவசரமில்லை. முதலில் மாமியோடு உட்கார்.

காகிதத்தில் ஏறியதில் பெரும்பகுதி ஏற்கனவே பத்திரமாக இருக்கிறது. உன் கணவரின் கொள்ளுத்தாத்தா 1872ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி பத்து டாலர் கட்டி 160 ஏக்கருக்கு மனுப் போட்டவர். அப்படிப்பட்டவர்களின் கோப்புகளை மாகாண ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. பெயரை வைத்தோ நிலத்தின் எண்ணை வைத்தோ தேடலாம். எண் வரி ரசீதிலேயே இருக்கும். எந்த வருஷம் எத்தனை ஏக்கர் உழுதார், எத்தனை மாடு, எத்தனை குதிரை, வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று அவரே சத்தியம் செய்து கொடுத்த விவரம் அதில் இருக்கும். அக்கம்பக்கத்தாரின் சாட்சியமும் இருக்கும். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் 2023 ஜூனில் திறந்துவிட்டார்கள். இதையெல்லாம் அடுத்த வருஷமும் தேடலாம். மாமிக்கு மட்டும் தெரிந்ததை அப்படித் தள்ளிப்போட முடியாது.

அதைக் கேட்பதற்கு வசதியாக இருப்பது, கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்த வான்படம். 1950களில் சின்ன விமானத்தில் பறந்து பண்ணைகளைப் படம் எடுத்து, அப்புறம் வீடு வீடாக வந்து விற்றுவிட்டுப் போனார்கள். இங்கே பழைய பண்ணை வீடுகளில் அப்படி ஒரு படம் அடிக்கடி கண்ணில் படும். அதைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வை. பக்கத்தில் கைபேசியில் பதிவைப் போட்டுவிட்டு, "இது என்ன மாமி?" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேள். கோழிக் கூண்டு எது, முதல் வீடு எங்கே இருந்தது, கிணறு எத்தனை முறை இடம் மாறியது, வடக்கே அந்த காரகானா புதர் வேலியை நட்டது யார். இந்தியன் ஹெட் ஊரின் அரசு நாற்றுப் பண்ணை 1901இலிருந்து விவசாயிகளுக்குக் கொடுத்த கன்றுகளில் வளர்ந்தவை அந்த மாதிரி வேலிகள். வாங்குகிறவர் பெரிய எந்திரம் திரும்ப இடம் வேண்டுமென்று முதலில் பிடுங்கப் போவதும் அதைத்தான்.

உங்கள் ரயில் பாதையில் செமன்ஸ், டேட், வென், வாட்ரஸ், ஸீனா, யங், ஸெல்மா என்று ஆங்கில அகரவரிசையில் ஊர்கள் வருகின்றன அல்லவா? அவை ரயில் கம்பெனி வைத்த பெயர்கள். வரைபடத்தில் அவை இருந்துகொண்டே இருக்கும். ஆனால் தெற்கு வயலின் குட்டைக்கும், வண்டி கவிழ்ந்த அந்தத் திருப்பத்துக்கும் வீட்டுக்குள் ஒரு பெயர் உண்டு. அதை எந்த வரைபடமும் எழுதவில்லை. கேட்டு எழுது.

மாகாணத்தின் 75ஆம் ஆண்டையொட்டி, 1980 வாக்கில் ஊர் ஊராகச் சரித்திரப் புத்தகம் போட்டார்கள். உங்கள் ஊருடையது தடிமனாக அலமாரியில் இருக்கிறது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் எழுதி, சேர்த்து, அச்சடித்தது. ஆனால் அந்தந்தக் குடும்பம் தன் பக்கத்தைத் தானே எழுதியது. ஆகவே 1930களின் வறட்சியில் நிலத்தை விட்டுப் போனவர்களுக்காக எழுத ஆளில்லை. கூலிக்கு வந்து தனியாகவே வாழ்ந்து இறந்தவர்களுக்கும் இல்லை. பெண்கள் பல இடங்களில் கணவன் பெயரோடு 'மிஸஸ்' மட்டும்தான். அப்புறம், கதையே முதல் ஏரோடு தொடங்குகிறது. 1874இல் பழங்குடி மக்களோடு அரசு செய்த நான்காம் உடன்படிக்கையில் அடங்கிய நிலம் அது. அதே ரயில் பாதையில் உள்ள பன்னிச்சி ஊரைச் சுற்றி இன்றும் பழங்குடி மக்களின் ஒதுக்கீட்டு நிலங்கள் இருக்கின்றன. அவர்கள் அறுவடை வேலைக்கு வந்தார்களா, வீட்டுக்குள் சாப்பிட்டார்களா என்று கூச்சப்படாமல் மாமியிடம் கேள். பதில் சங்கடமாக இருந்தாலும் அப்படியே பதிவு செய்.

1936இல் சஸ்காச்சுவானில் 1,42,391 பண்ணைகள் இருந்தன. 2021இல் 34,128. ஒவ்வொரு பண்ணையும் பெரிதாகப் பெரிதாக ஆட்கள் குறைந்தார்கள். 1993இல் 52 கிராம மருத்துவமனைகள் போயின. தானியத்துக்கான ரயில் கட்டணச் சலுகை 1995இல் முடிந்தது. கிளைப் பாதைகள் மூடப்படுவதும், ஊருக்கு அடையாளமாக நின்ற மர எலிவேட்டர்கள், அதாவது தானியக் கிடங்குக் கோபுரங்கள், இடிபடுவதும் அதன்பின் வேகமெடுத்தன. மாமி படித்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் நின்ற இடத்தில் இப்போது கனோலா என்னும் எண்ணெய் வித்துப் பயிர்தான் பூக்கிறது. அங்கே அவருடன் படித்தவர்களில் எத்தனை பேர் இனி மிச்சம் இருப்பார்கள்?

பெட்டிகளைத் திறக்கும்போது ஒன்றிரண்டு கவனம். படங்களின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுது, பால்பாயிண்ட் பேனா வேண்டாம். பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து எழுது. பசை ஒட்டும் ஆல்பங்களிலிருந்து படங்களைப் பிய்க்காதே, பக்கத்தோடு அப்படியே படம் எடு. தானியம் விற்கக் கோதுமை வாரியம் கொடுத்த பழைய பெர்மிட் புத்தகம், பால் கணக்கு நோட்டு, தேவாலய மகளிர் சங்கக் குறிப்பேடு போன்றவற்றைக் குப்பை என்று தள்ளாதே. காப்பகத்துக்கு எழுதிக் கேட்டபிறகு அசலைக் கொடு. நகல் ஒன்று ஊர் நூலகத்துக்கும், ஒன்று பிள்ளைகளுக்கும்.

அறுவடை முடிந்ததும் நான் வருகிறேன், ஸ்கேனரையும் எடுத்து வருகிறேன். அதுவரை வாரத்தில் ஒரு மத்தியானம் மாமிக்கு என்று வைத்துக்கொள். களைப்பாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடு. முதல் கேள்வியாகப் பள்ளிக்கூடத்தைக் கேள். குளிர்காலத்தில் யார் வந்து அடுப்பு மூட்டினார்கள் என்று.

அன்புடன்,
அக்கா